சிராய் பிளக்கக் காயலான் கடை இரும்பே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் பிரியாணிக் கடைகளிலும் மண்டபத்துச் சமையல் கொட்டகைகளிலும் சவுக்குக் கட்டையை ஒரு கையால் பிடித்து, மறு கையால் அரிவாளை ஓங்கிச் சிராய் பிளக்கிறார்கள். விரல் போவது இதனால்தான். கத்தியை மேல்நோக்கி நிறுத்தி, கட்டையின் தலையில் சுத்தியலால் அடித்தால் இந்த ஆபத்து இல்லை. முதல் தட்டிலேயே கட்டை கத்தியில் கவ்விக்கொள்ளும். பிறகு கை எதற்கு? நியூஸிலாந்து மாணவி அய்லா ஹட்சின்சன் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குச் செய்த கருவியின் தத்துவம் இது. புதுப்பேட்டைப் பழைய இரும்பில் நாமே செய்துகொள்ளலாம்.

கத்திக்கு லாரி ஸ்பிரிங் பட்டை, 8 அங்குலம். கேஸ் கட்டிங் வேண்டாம், பதம் இறங்கிவிடும். கட்டிங் வீலில் அறுக்க வேண்டும். அடித்தகடு 10 மி.மீ. கனம், ஓர் அடிச் சதுரம். தண்டவாளத் துண்டு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். ரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கத்தியை அடித்தகட்டில் நிறுத்திப் பற்றவைக்கும் வெல்டிங்கில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஸ்பிரிங் இரும்பில் கார்பன் அதிகம். சாதாரண வெல்டிங் ராடால் பற்றவைத்து அப்படியே ஆறவிட்டால் பற்றின் ஓரமாக மயிரிழை விரிசல் ஓடும், சுத்தியலின் நாலு தட்டில் கத்தி பெயர்ந்துவிடும். தண்ணீர்த் துளி பட்டதும் துள்ளி ஓடும் அளவுக்குப் பட்டையைச் சூடாக்கி, ஹைட்ரஜன் குறைந்த 7018 ரக ராடால் பற்றவைத்து, உலர்ந்த மணலில் மூடி மெதுவாக ஆறவிட வேண்டும். நம் ஊர்க் கடற்காற்றில் திறந்து கிடக்கும் ராட் ஈரம் இழுக்கும். ஈர ராடும் விரிசலில்தான் கொண்டுபோய் விடும்.

தீட்டுவது கடைசி வேலை. இருபுறமும் சேர்த்து 30 முதல் 35 டிகிரி போதும். இதைவிட மெலிந்த முனை சவுக்குக் கணுவில் பட்டால் உடையும். தீட்டும்போது ஈரத்துணியால் அடிக்கடி குளிரவைக்காவிட்டால் முனை நீலம் பாரித்துப் பதம் போய்விடும்.

கட்டை சாயாமலிருக்க 12 மி.மீ. கம்பியில் ஒரு வளையம் வேண்டும். உள்விட்டம் 8 அங்குலம் வர 27 அங்குலக் கம்பி பிடிக்கும். நான்கு கால்களில், கத்தி முனைக்கு 4 அங்குலம் மேலே நிறுத்தலாம். கறிக்கடையில் கழித்த புளியங்கட்டையில் அடித்தகட்டை முடுக்கினால் துள்ளாது. 2 கிலோ சுத்தியல் போதும். அது கத்தியில் பட்டால் சில்லு தெறிக்கும், ஆகவே கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.

துறைமுகத்துப் பேக்கிங் பலகை அழகாகப் பிளக்கும். ஆணியைப் பிடுங்கிவிட்டுப் பிளக்கவும். ‘எம்.பி.’ (MB) முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிகொல்லி நச்சு வாயு செலுத்திய பலகை. சமையல் அடுப்பில் வைக்கவே கூடாது.

கிண்டி, வடசென்னை அரசு ஐ.டி.ஐ.களின் வெல்டிங் பிரிவில் இதைச் செய்முறைப் பயிற்சியாகக் கொடுத்து, அருகிலுள்ள சமையல் கொட்டகைகளுக்கு வழங்க அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வெல்டிங் பட்டறைத் தொழிலாளர்கள்,
வியாசர்பாடி, சென்னை