அம்மாவுக்கு, உன் கொலுசைப் பற்றி

அம்மா,

அப்பாவின் திதி முடிந்து கிளம்பும்போது, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த தகர டப்பாவை உன்னிடம் கேட்காமல் எடுத்து வந்துவிட்டேன். கேட்டிருந்தால் "அது கெடக்கட்டும் விடு" என்றிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை. மன்னித்துக்கொள். திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கொலுசு இப்போது வெளுத்துவிட்டது.

இதை உன் போனுக்கே அனுப்பியிருக்கலாம். நீ படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவாய். இங்கே நம் உறவுக்காரர்களும் படிக்கிறார்கள், தெரியும். அப்பா போன பிறகு உன் நகைகளைக் கழற்றிய அன்று கூடத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. சொன்னவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஜோடியையும் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறாய். அது உருகிப் பிசுபிசுவென்று கண்ணிகளில் ஒட்டிக்கிடந்தது. மற்ற இடமெல்லாம் பழுப்பும் நீலமுமாக மங்கியிருக்க, ரப்பர் சுற்றிய இடம் மட்டும் மை தடவியது போல் கறுத்திருந்தது. ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். வெள்ளியைக் கறுக்கவைப்பது அந்தக் கந்தகம்தான். காற்றில் துளி இருந்தாலும் போதும். முட்டை, வெங்காயம், கம்பளித் துணி, வியர்வை எல்லாவற்றிலும் இருக்கிறது. நீ "உடம்புச் சூடு" என்று சொல்வாயே, அப்படி ஒன்றும் இல்லை. உன் உடம்பைக் குறை சொல்லாதே.

ரப்பரை நகத்தால் சுரண்டி எடுக்கும்போது அன்றைய காலைதான் கண் முன்னால் வந்தது. மெட்டி வரவில்லை. விரல் வீங்கியிருந்தது. யாரோ தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார்கள், அப்புறம் சோப்புத் தண்ணீர். நீ "மெதுவா" என்று ஒரு தடவை சொன்னாய், அவ்வளவுதான். கழன்ற இடத்தில் தோல் வெளுத்து, ஈரமாக, குழந்தைத் தோல் மாதிரி இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தது கொலுசு என்று யாரும் வாயைத் திறக்கவில்லை, அம்மா. ஒருவர்கூட. நீயே குனிந்தாய். நீயே திருகாணியைக் கழற்றினாய். கழற்றி என் கையில் கொடுத்தாய், ஏதோ கறிவேப்பிலை கொடுப்பது போல. அதற்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. மெட்டிக்கு அவர்களைக் கேட்கலாம். கொலுசுக்கு யாரைக் கேட்பது?

சரி, அதை விடு. சுத்தம் செய்தது எப்படி என்று சொல்கிறேன். பல்பொடி போட்டுத் தேய்த்திருப்பேனோ என்று பயப்படாதே. பல்பொடியும் பேஸ்ட்டும் பாத்திரப் பவுடரும் கறுப்போடு சேர்த்து வெள்ளியையும் அரித்துவிடும், கீறலும் விழும். பழைய வேலைப்பாடெல்லாம் அப்படித்தான் மழுங்கிப்போகிறது. ஒரு பாத்திரத்தில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை விரித்தேன். கொதித்த தண்ணீர் ஒரு லிட்டர், ஆப்ப சோடா இரண்டு மேசைக்கரண்டி, கொஞ்சம் உப்பு. கொலுசு அந்தத் தாளைத் தொட்டபடி கிடக்க வேண்டும், அதுதான் முக்கியம். நுரைத்தது, அழுகிய முட்டை வாடை வந்தது. அது கந்தகம் வெளியேறும் வாடை. அலுமினியம் கந்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, கறுப்பாகியிருந்த வெள்ளி திரும்ப வெள்ளியாகவே கொலுசில் தங்குகிறது. தேய்த்து எடுப்பதில்லை இது. தாள்தான் கறுத்துப்போனது. ரப்பர் தடம் இருந்த இடத்துக்கு மட்டும் இரண்டாவது முறை போட வேண்டியிருந்தது.

பிறகு பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் அலசினேன், நீ செய்வது போலவே. அப்பாவின் பழைய வேட்டித் துணியில் ஒற்றி, சலங்கை முத்துகளுக்குள் நீர் நிற்காதபடி ராத்திரி முழுக்க மின்விசிறிக்கு அடியில் காயவைத்தேன். பூ வேலைப்பாட்டின் பள்ளத்தில் மெல்லிய கறுப்பு இருக்கிறது. அதை வேண்டுமென்றே விட்டேன், அது இருந்தால்தான் பூ தெரியும். படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று: கல், கடல் முத்து, பவளம் பதித்ததையும் அரக்கு அடைத்ததையும் இப்படிச் சுடுநீரில் போடாதீர்கள். அதற்கெல்லாம் ஈரத் துணியே போதும்.

மெட்டியை நான் தொடவில்லை. டப்பாவிலேயே இருக்கிறது. அது உன் விஷயம்.

ஆனால் கொலுசைப் போட்டுக்கொள். கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாடு என்று ஓர் ஊர். 2022 மே மாதம் அந்த ஊர்க் கிராம சபை கூடி, கணவன் இறந்தால் வளையலை உடைப்பது, பொட்டை அழிப்பது, தாலியையும் மெட்டியையும் கழற்றுவது எதுவும் இனி வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அதே மாதம் மகாராஷ்டிர அரசும் மற்ற ஊர்களைப் பின்பற்றச் சொன்னது. ஓர் ஊரே கூடி முடிவெடுக்க முடிகிறது. நம் வீட்டில் நீ ஒருத்தி எடுத்தால் போதும். உனக்கு என்னிடம் மட்டும்தான் பிடிவாதம். அந்தக் கூடத்தில் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

இப்படி எழுதினால் வலிக்கும் என்று தெரியும். அழித்துவிடலாமா என்று பார்த்தேன். அழிக்கவில்லை. வருஷக்கணக்காக நீ வீட்டுக்குள் நடந்துவருவதே கேட்பதில்லை, திரும்பிப் பார்த்தால் நிற்கிறாய். எனக்கு அது ஆகவில்லை.

தினமும் போட்டிருந்தால் பாவாடை உரசியே அவ்வளவாகக் கறுக்காது. கழற்றி வைத்தால் பருத்தித் துணியில் சுற்றி, ஒரு சாக்பீஸ் துண்டு போட்டு மூடி வை, ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரப்பர் பேண்டு வேண்டவே வேண்டாம்.

வலது கால் கொலுசின் திருகாணி மரை தேய்ந்திருக்கிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொடுத்து மாற்றி வாங்கிவருகிறேன். ஆசிட்டில் முக்கிப் பாலிஷ் போடவா என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். முத்துகள் சில உதிர்ந்திருக்கின்றன. புதிதாகக் கோத்துத் தரச் சொல்லவா, இல்லை சத்தமில்லாமல் இருந்தால் போதுமா? அதை மட்டுமாவது போன் பண்ணிச் சொல்.