லாரி புக்கிங் தொழிலுக்கு முதல் வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பைபாஸ் ஓரங்களில் சரக்குக்கு லாரி பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கும் லாரி புக்கிங் ஆபீஸ்களின் போர்டுகள் புதிது புதிதாகத் தெரிகின்றன. படித்துவிட்டு வேலை கிடைக்காத பிள்ளைகளும் ஸ்டியரிங்கை விட்ட டிரைவர்களும் இதில் இறங்குகிறார்கள். ஒரு செல்போன், நாலைந்து வாட்ஸ்அப் குரூப் இருந்தால் போதும், முதலே தேவையில்லாத தொழில் என்று அவர்களிடம் யாரோ சொல்லிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையில் நகையை அடகு வைக்கும் நிலைக்கு வரும் குடும்பங்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலத்திலிருந்து மகாராஷ்டிரத்துக்கு 18 டன் ஜவ்வரிசி. டன்னுக்கு 3,000 வீதம் லாரிக்கு வாடகை 54,000 ரூபாய், சரக்கு அனுப்பும் கம்பெனிக்கு நீங்கள் போடும் பில் 56,000 என்று வைப்போம். கையில் நிற்பது 2,000. லோடு ஏறிய அன்றே லாரிக்கு 80 சதவீதம், அதாவது 43,200 ரூபாய் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். இறக்கிய ரசீது வந்ததும் பேலன்ஸ். கம்பெனியோ 45 நாள் கழித்துத்தான் பணம் போடும். மாதம் 25 லோடு ஓடினால், லாரிகளுக்கு நிறுத்திவைத்த பேலன்ஸைக் கழித்த பிறகும், எந்த நாளில் பார்த்தாலும் 18 லட்சத்துக்குக் குறையாமல் உங்கள் பணம் வெளியே நிற்கும். மாத வருமானம் 50,000. அதில்தான் ஆபீஸ் வாடகை, சம்பளம், வட்டி எல்லாம். ஒரே ஒரு பார்ட்டி, அதாவது சரக்கு அனுப்பும் கம்பெனி, ஒரு லோடு பணத்தைத் தராமல் போனால் 27 லோடு கமிஷன் போய்விடும். ஒரு மாதத்துக்கும் மேலான உழைப்பு அது.

ஆகவே தொடங்குபவர் முதல் ஆறு மாதம் கடன் பார்ட்டி பக்கமே போகக் கூடாது. லாரி வாடகைப் பணம் உங்கள் கை வழியே போகாத லோடுகளைப் பிடியுங்கள். பார்ட்டியே லாரிக்கு நேராக அட்வான்ஸ் போடட்டும், அல்லது இறக்குமிடத்தில் வாடகை வாங்கிக்கொள்ளும் டு-பே லோடாக இருக்கட்டும். உங்கள் கமிஷனை ஏற்றும் இடத்திலேயே லாரிக்காரரிடம் வாங்கிவிடுங்கள். வருமானம் சிறியதுதான். ஆனால் எந்த மில் நேரத்துக்கு ஏற்றுகிறது, எந்த குடோன் வண்டியை இரண்டு நாள் நிறுத்தி வைக்கிறது, ஹால்டிங் (வண்டி காத்து நின்ற நாளுக்கான பணம்) கேட்டால் யார் கொடுக்கிறார்கள் என்பதையெல்லாம் கைக்காசு போகாமல் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது எல்.ஆர். புத்தகம், அதாவது சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கொடுக்கும் லாரி ரசீதுப் புத்தகம். பிரஸ்ஸில் அடித்து வாங்குவது சுலபம், அதனால் போர்டு வைத்த அன்றே புத்தகமும் வந்துவிடுகிறது. உங்கள் பெயரில் எல்.ஆர். கிழித்துக் கொடுத்தால் நீங்கள் வெறும் புரோக்கர் இல்லை. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பொதுச் சரக்கு ஏற்றுபவர் என்ற சொல்லுக்குள் புக்கிங் கம்பெனி, ஏஜென்ட், புரோக்கர் எல்லோரும் அடக்கம். போக்குவரத்து ஆணையத்தில் பதிவுச் சான்று வாங்காமல் அந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. சான்று 10 ஆண்டுக்குச் செல்லும். சரக்கு காணாமல் போனாலோ நனைந்தாலோ, உங்கள் கவனக்குறைவை அனுப்பியவர் நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. சரக்கின் மதிப்பைச் சொல்லி, கூடுதல் ரிஸ்க் கட்டணத்துக்கு அனுப்புபவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், பொதுவாக உங்கள் பொறுப்பு வாடகையைப் போல் 10 மடங்கு வரை. மேலே சொன்ன ஜவ்வரிசி லோடுக்கு அது 5 லட்சத்தைத் தாண்டும். எல்.ஆரில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ (சேதமானால் சரக்குக்காரர் பொறுப்பு) என்று சிவப்பு மையில் அடித்திருப்பதை நம்பி உட்காராதீர்கள். லாரியின் இன்சூரன்ஸ் உள்ளே இருக்கும் சரக்குக்குப் பொருந்தாது. சரக்குக்குத் தனி டிரான்சிட் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று ஏற்றும் முன் பார்ட்டியிடம் எழுத்தில் கேளுங்கள்.

வரியும் இதை ஒட்டித்தான் வரும். உங்கள் பெயரில் எல்.ஆர். போட்டால் ஜி.எஸ்.டி. முழு வாடகைக்குக் கணக்காகும் (பதிவு பெற்ற கம்பெனிகள் 5 சதவீதத்தைத் தாங்களே கட்டிக்கொள்வது வழக்கம்). கமிஷன் பில் மட்டும் போட்டால் கமிஷனுக்கு 18 சதவீதம், ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். பணம் தரும்போதே வருமான வரிக்காகப் பிடித்துக்கொள்ளும் டி.டி.எஸ்.தான் புதியவர்களை அதிகம் படுத்துகிறது. கம்பெனி 1 சதவீதம் பிடிக்கிறது என்றால் 56,000-க்கு 560 ரூபாய். உங்கள் லாபம் 2,000-இல் கால் பங்குக்கு மேல், ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கும் வரை முடங்கிக் கிடக்கும். 10 லாரிக்கு மேல் இல்லாதவர்களுக்குப் பிடித்தம் வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவம் லாரி உரிமையாளர்களுக்கானது. சொந்த வண்டி இல்லாதவர் அதில் கையெழுத்துப் போட வேண்டாம். நீங்கள் பணம் கொடுக்கும் லாரி உரிமையாளரிடம் அந்தப் படிவத்தையும் பான் நகலையும் தவறாமல் வாங்கி வையுங்கள். ஒரே நாளில் ஒரு வண்டிக்காரருக்கு 35,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைச் செலவாகக் காட்ட முடியாது. அட்வான்ஸ் எப்போதும் பேங்க் வழியே போகட்டும்.

இனி வண்டியைப் பார்ப்பது. லோடோடு லாரி காணாமல் போகும் மோசடிகளில் நம்பர் பிளேட் ஒன்று, வண்டி வேறொன்று. போனில் வரும் ஆர்.சி. படத்தை வைத்து அட்வான்ஸ் போடக் கூடாது. எம்-பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டு எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், நேஷனல் பெர்மிட் தேதிகளைப் பாருங்கள். அதோடு நிற்க வேண்டாம். வண்டி நேரில் வந்ததும் சேஸில் குத்தியிருக்கும் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எஃப்.சி.க்குப் போகும்போது எடுப்பார்களே, அதேபோல. கிரீஸும் மண்ணும் படிந்திருக்கும், துணியால் துடைத்தால் எழுத்து தெரியும். அந்தத் தாளும் ஆர்.சி.யும் ஓர் எழுத்தில்கூட வேறுபடக் கூடாது. எழுத்துகளைச் சுற்றி ராவிய தடமோ புதுப் பெயின்டோ இருந்தால் ஏற்ற வேண்டாம். டிரைவரை வண்டிமுன் நிறுத்தி, நம்பர் பிளேட் தெரிய ஒரு படம் எடுங்கள். அட்வான்ஸ் ஆர்.சி.யில் உள்ள உரிமையாளர் பெயரில் இருக்கும் கணக்குக்குத்தான் போக வேண்டும். ‘ஓனர் கணக்கு முடங்கிக் கிடக்கு, மச்சான் ஜிபேக்குப் போடுங்க’ என்றால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். இன்னொரு புரோக்கர் வழியாக வந்த வண்டி என்றால் உரிமையாளரிடம் நீங்களே பேசி வாடகைத் தொகையை உறுதி செய்யுங்கள். நடுவில் இருப்பவர் அட்வான்ஸை விழுங்கினால், வண்டிக்காரர் பாதி வழியில் லோடைப் பிடித்து வைத்துக்கொண்டு உங்களைத்தான் கேட்பார்.

எடை விஷயத்தில் பார்ட்டிக்கு முகம் கோணும் என்று பார்க்காதீர்கள். 10 வீல் வண்டிக்கு மொத்த எடை 28.5 டன். வெறும் வண்டி 10 டன் என்றால் ஏற்றக்கூடியது 18.5. மூன்று டன் கூடுதலாக ஏற்றினால் சட்டப்படி 20,000, அதோடு டன்னுக்கு 2,000 வீதம் 6,000, ஆக 26,000 ரூபாய். தேங்காய் நார், பஞ்சு போன்ற சரக்கில் கதை வேறு. எடை சேரும் முன்பே பாடி நிறைந்துவிடும். அதற்கு எத்தனை டன் என்று கேட்காமல், பாடி எத்தனை அடி என்று கேட்டு வாடகை பேசுங்கள். ஜவ்வரிசி, சர்க்கரை ஏற்றும் வண்டியின் தார்ப்பாயை விரித்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பாருங்கள். ஊசித் துளை இருந்தால் வெளிச்சம் காட்டிக் கொடுக்கும்.

சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. அனுமதிச் சீட்டான இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும், 1,200 கிலோமீட்டருக்கு 6 நாள். வழியில் வண்டி நின்றால், காலாவதிக்கு முந்தைய அல்லது பிந்தைய 8 மணி நேரத்துக்குள் அதை நீட்டிக்க வேண்டும். அந்தப் பில்லில் டிரான்ஸ்போர்ட்டர் என்ற இடத்தில் உங்கள் எண் இல்லையென்றால் நீங்கள் நீட்டிக்க முடியாது. ஞாயிறு இரவு கம்பெனியில் போன் எடுக்கவும் ஆள் இருக்காது. 5 சதவீத வரியுள்ள 8 லட்சம் ரூபாய்ச் சரக்கு காலாவதியான பில்லோடு பிடிபட்டால் அபராதம் வரியைப் போல் இருமடங்கு, 80,000 ரூபாய். வண்டி மாற்றி ஏற்றினால் புது வண்டியின் எண்ணை இ-வே பில்லின் பகுதி ‘பி’-யில் பதிந்த பிறகுதான் நகர வேண்டும்.

இறக்கிய ரசீதின் படம் வாட்ஸ்அப்பில் வந்ததும் பேலன்ஸ் போட்டுவிடாதீர்கள். முத்திரைக்குப் பக்கத்தில், கையெழுத்துக்கு அடியில் ‘4 மூட்டை நனைவு’ என்று இந்தியிலோ மராத்தியிலோ சின்னதாக எழுதியிருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அந்த ஒரு வரிக்குக் கம்பெனி பில்லில் கழிக்கும், அதற்குள் லாரிக்கு முழுப் பணமும் போயிருக்கும்.

பதிவு செய்ய வேண்டும் என்பதே புதியவர்கள் பலருக்குத் தெரியவில்லை. எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம், யாரிடம் கொடுப்பது என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் எல்லோரும் பார்க்கும்படி தமிழில் ஒரு பலகையாக வைக்க அதிகாரிகள் உத்தரவிட வேண்டும். தங்கள் நாளிதழ் வழியே இந்தக் கோரிக்கை அவர்களைச் சேரட்டும்.

இப்படிக்கு,
லாரி புக்கிங் ஏஜென்ட் ஒருவர்,
சங்ககிரி.