மூன்று பேனா போதும், பாப்பா

ராயபுரம்,
சென்னை - 13.
ஞாயிற்றுக்கிழமை

அன்பு பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தை அம்மாவின் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பால்கனித் துளசித் தொட்டி, எதிர்க் கட்டடத்துத் தண்ணீர் டேங்க், கீழே அந்தத் தூங்குமூஞ்சி மரம். ஆபீஸ், வீடு, குழந்தை என்று ஓடும் ஓட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி நீ படம் போட உட்கார்ந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். போனில் அவசரமாக "நல்லா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் நீ கேட்டது அது இல்லையே. 48 கலர் பேனா செட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா என்று கேட்டாய். அதற்குப் போனில் பதில் சொன்னால் பாதிதான் சொல்ல முடியும். அதனால் எழுதுகிறேன்.

செட் வேண்டாம் கண்ணு. இப்போதைக்கு வேண்டாம்.

காசுக்காகச் சொல்லவில்லை. 48 பேனாவை முன்னால் பரப்பி வைத்தால் கண் பெட்டியைத்தான் பார்க்கும், மரத்தைப் பார்க்காது. உன் மரத்திலேயே நாலு பச்சை இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். இருந்தும் மரம் தட்டையாக நிற்கிறது. வெயில் விழும் பக்கமும் நிழல் பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கின்றன, அதுதான் காரணம். அஞ்சாவது பச்சை வாங்கினாலும் அது சரியாகாது.

மூன்று ஸ்கெட்ச் பென்னில் தொடங்கு. வெளிர் சாம்பல் ஒன்று, பழுப்பு ஒன்று, அடர் நீலம் ஒன்று. சாம்பல்தான் உனக்குப் பென்சில். எது எங்கே வருகிறது என்று முதலில் அதில் லேசாகப் போட்டுக்கொள். கோடு தப்பினால் பதறாதே, அடுத்த நிறம் மேலே ஏறியதும் அது நிழலோடு நிழலாகப் போய்விடும். பிறகு பழுப்பு. கடைசியில் நீலம். வெளிர் நிறம் முன்னால், அடர் நிறம் பின்னால், இந்த வரிசையை மட்டும் மாற்றாதே. மாற்றினால் வெளிர் பேனாவின் முனை அடர் மையை உறிஞ்சி அழுக்காகிவிடும். தப்பித்தவறி அப்படி ஆகிவிட்டால் பழைய தாளில் நாலு கிறுக்கு கிறுக்கு, தெளியும்.

கறுப்பு எங்கே என்று கேட்பாய். பழுப்புக் கோடுகள் மேல் நீலக் கோடுகளைக் குறுக்கே போட்டுப் பார், கறுப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பழுப்பு அதிகமானால் அந்த இருட்டில் ஒரு சூடு தெரியும், நீலம் அதிகமானால் குளிர்ச்சி தெரியும். பெட்டியில் இருக்கும் கறுப்பு இரண்டையும் தராது. புதிதாக வரைகிறவர்கள் கறுப்பில் வெளிக்கோடு போட்டு உள்ளே நிறம் நிரப்புவார்கள். அது கோலத்துக்கு அழகு. மரத்துக்கு வெளிக்கோடு கிடையாது.

அதற்காகக் கறுப்பு மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 31 வருஷம் ட்ராயிங் ஆபீஸில் கறுப்பு மையில்தானே சோறு சாப்பிட்டேன்! ஒவ்வொரு கோட்டுத் தடிமனுக்கும் தனித்தனியாக நான் வைத்திருந்த ரோட்ரிங் பேனாக்களில் இருந்த கலர் வளையத்தை நீ மோதிரம் என்பாய். வெள்ளை வளையம் 0.25 மில்லிமீட்டர், மஞ்சள் 0.35, பழுப்பு 0.5, நீலம் 0.7. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு தடிமன். ஏ1 தாளில் போட்ட படத்தை அதில் பாதியான ஏ2 தாளுக்குச் சுருக்கினால் 0.5 கோடு 0.35 ஆக வந்து நிற்கும். மஞ்சள் வளையப் பேனாவை எடுத்து அதிலேயே திருத்தம் போடலாம். அந்தக் கணக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்புதான். அங்கே நான் கற்றது, கோட்டின் தடிமனே பாதி நிறம் என்பது. கண்ணுக்குக் கிட்டே இருப்பதைத் தடித்த கோட்டிலும் தள்ளி இருப்பதை மெல்லிய கோட்டிலும் போட்டால் ஒரே மையில் தூரம் வந்துவிடும். ஓவியர் ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டிப் போட்ட கோட்டோவியங்களைத் தேடிப் பார். வெறும் கறுப்புக் கோடு. அந்தக் கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று மட்டும் கவனி.

மெல்லிய பேனா வாங்க ஆசைப்பட்டால் மைக்ரான் என்று ஒரு பேனா வருகிறது, அதை வாங்கு. ஆனால் மூடியில் இருக்கும் எண்ணை மில்லிமீட்டர் என்று நினைத்துவிடாதே. 01 என்றால் 0.25, 05 என்றால் 0.45. அந்த மை காய்ந்த பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாது.

சரி, எந்த ஜாதிப் பேனா என்பதற்கு வருகிறேன். கடைசியில் நீ தினமும் எடுக்கப்போவது பத்து ரூபாய் பால்பாயின்ட்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் பலர் மதிப்பதில்லை. எனக்கு அதன் மேல் மிகுந்த மரியாதை. கை அழுத்தத்துக்கு ஏற்றபடி அதில் கோடு மாறும். மேலோட்டமாக இழுத்தால் பென்சில் மாதிரி, அழுத்தினால் அடர்த்தி. நீலம், சிவப்பு, பச்சை மூன்று பால்பாயின்ட் இருந்தால் ஒரு முகத்தையே போட்டுவிடலாம். முனையில் மை திரண்டு சொட்டுப் போல நிற்கும், அதை மட்டும் அடிக்கடி ஒரு தாளில் துடைத்துக்கொள்.

ஸ்கெட்ச் பென்னில் அழுத்தம் எடுபடாது. எப்படிப் பிடித்தாலும் ஒரே நிறம்தான், கோட்டின் மேல் கோடு போனால்தான் அடர்த்தி கூடும். ப்ரஷ் பென் நன்றாக இருக்கும், சாய்த்தால் பட்டையாகவும் நிமிர்த்தினால் மெல்லிசாகவும் வரும், ஆனால் கை கொஞ்சம் பழக வேண்டும். ஆல்கஹால் மார்க்கர் இப்போது உனக்குத் தேவையில்லை. தாளின் பின்பக்கம் வரை இறங்கி அடுத்த பக்கத்தையும் கெடுக்கும், அதற்கென்று தனித் தாள் வேண்டும். ஜெல் பேனா வழவழவென்று எழுதும், ஆனால் காய நேரம் எடுக்கும். நீ இடது கைக்காரி, போட்ட கோட்டின் மேலேயே உன் கை போகும். ஸ்கூல் நோட்டில் உன் எழுத்தெல்லாம் கலைந்து, சுண்டுவிரல் ஓரம் நீலமாக நீ வீட்டுக்கு வந்ததை நான் மறக்கவில்லை. படத்தை வலது ஓரத்தில் தொடங்கி இடப்பக்கமாக வா. கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்.

மரத்தடியில் தாள் பஞ்சு பஞ்சாக எழும்பியிருந்ததையும் பார்த்தேன். அதில் உன் தப்பு எதுவும் இல்லை. ஸ்கெட்ச் பென் மை தண்ணீர் மை. ஈரம் காய்வதற்குள் அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் தாளின் நார் கிளம்பிவிடும். அது பிரிண்டர் தாள்தானே? அது பெரும்பாலும் 75 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் 75 கிராம் எடை. பேனாவுக்கு 150 ஜிஎஸ்எம் இருந்தால் கவலை இல்லை. மேல்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான தாளில் முனை சீக்கிரம் மழுங்கிவிடும்.

புதுப் பேனா எது வாங்கினாலும் முதலில் ஒரு தாளில் கட்டம் கட்டி நிறத்தைப் பூசிப் பார். மூடியின் நிறம் ஒன்று, மையின் நிறம் வேறு. காய்ந்த பிறகு ஈர விரலால் ஒரு இழுப்பு இழு, எது கரைகிறது என்று தெரிந்துவிடும். நான் இங்கே இன்னொன்றும் செய்தேன். ஒரு தாளில் எல்லா நிறத்தையும் பட்டையாகப் போட்டு, பாதியை அட்டையால் மறைத்து, மாடி ஜன்னலில் ஒட்டி வைத்தேன். ஒரு மாதம் கழித்துப் பிரித்தால் ரோஸ் முக்கால்வாசி போய்விட்டது. பழுப்பு அசையவே இல்லை. அதனால் நீ போட்ட படங்களை வெயில் படும் சுவரில் மாட்டாதே, நோட்டிலேயே இருக்கட்டும். பேனாவையும் டம்ளரில் செருகி நிறுத்தாதே. படுக்க வைத்தால் மை ஒரு பக்கம் இறங்காது.

முதலில் எதை வரைவது? மரம் இப்போது வேண்டாம். எவர்சில்வர் டம்ளர் ஒன்றை ஜன்னல் பக்கமாக வைத்து உட்கார். நான் நேற்று அதைத்தான் செய்தேன். டம்ளருக்கென்று சொந்த நிறமே கிடையாது. வாய் விளிம்பில் ஒரு வெள்ளைக் கீற்று, அதை ஒட்டினாற்போல் முடி அளவுக்கு ஒரு கருங்கோடு. நடுவயிற்றில் ஜன்னல் நீளமாக வளைந்து தெரிகிறது, அதன் ஓரத்தில் வானத்து நீலம். அடிப்பாகத்தில் மேஜைப் பலகையின் பழுப்பு ஏறி நிற்கிறது, அதற்குள் என் சட்டை ஒரு கறை மாதிரி. மூன்று பேனாவும் அங்கே இருக்கிறது பார். வெள்ளைக்குப் பேனா கிடையாது, தாள்தான் வெள்ளை. அந்தக் கீற்றைத் தொடாமல் விட்டுவைப்பதுதான் கஷ்டமான வேலை. எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, காபியும் ஆறிப் போனது.

பழுப்பு பற்றி உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. நீ மூன்றாம் வகுப்பில் காசிமேட்டுக் கடலை வரைந்து கொண்டுபோனாய், ஞாபகம் இருக்கிறதா? கடலுக்குப் பழுப்பு போட்டிருந்தாய். "கடல் நீல நிறம்" என்று சிவப்பு மையில் எழுதி, பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நீ தேம்பித் தேம்பி அழுதாய். நான் என்ன செய்தேன்? "டீச்சர் சொல்றபடியே போட்டுடு கண்ணு" என்றேன். அடுத்த படத்தில் கடல், வானம், படகு, அம்மாவின் புடவை எல்லாமே நீலமாக இருந்தன.

அதற்கப்புறம் ஒரு வாரம் கூட ஆகவில்லை. மழை விட்ட காலையில் மீன் வாங்கப் போனேன். கரையோரக் கருங்கல் குவியலில் நின்று பார்த்தால், கல்லில் மோதும் தண்ணீர் கலங்கி, பால் குறைந்த காபி நிறத்தில் இருந்தது. தள்ளி சாம்பல். அதற்கும் அப்பால்தான், லாஞ்ச்சுகள் திரும்பி வரும் இடத்தில், ஒரு நீலப் பட்டை. நீ பார்த்ததைத்தான் போட்டிருந்தாய். வீட்டுக்கு வந்து அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். மீனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன், நீ போட்ட நிறம்தான் சரி.

நேற்று பந்தர் தெருவுக்குப் போய்ப் பேனா வாங்கினேன். மூன்று நிறத்திலும் ஸ்கெட்ச் பென் ஒவ்வொன்று, மூன்று பால்பாயின்ட், ஒரு மைக்ரான். அப்படியே ஆண்டர்சன் தெருவில் 150 ஜிஎஸ்எம் தாள் பார்த்து, உன் கைப்பைக்குள் போகிற அளவில் வெட்டித் தரச் சொன்னேன். ஒரு பக்கத்தை விரலால் தடவிப் பார், வழவழப்பாக இருக்கும், அதில் வரை. பழுப்பு மட்டும் இரண்டு வைத்திருக்கிறேன்.

பொங்கலுக்கு வரும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வா. விடிவதற்கு முன்னால் காசிமேட்டுக்குப் போகலாம். மீன் ஏல இரைச்சலில் உட்கார முடியாது, கருங்கல் பக்கமாக எனக்கு ஒரு இடம் தெரியும்.

பார்சல் புதன்கிழமை வந்து சேரும். பேனா மூடிகளை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். அம்மா ரசப்பொடியும் வைத்திருக்கிறாள். மேலிருந்து பிளேடு போட்டுக் கிழிக்காதே, தாள் அடியில் இல்லை, மேலேதான் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா