கியூ வந்த வழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரிசையில் நிற்பது ஆங்கிலேயரின் பிறவிக் குணம் என்றும், நம்மவர்க்கு அது எந்தக் காலத்திலும் வராது என்றும் தங்கள் நாளிதழில் அண்மையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மாட்டுத்தாவணியில் பேருந்து வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பவர்களைக் கண்ட எவருக்கும் அவருடைய சலிப்பு புரியும். ஆயினும், நாம் அன்றாடம் புழங்கும் ‘கியூ’ என்ற சொல்லின் வரலாறு அவர் கூற்றுக்கு நேர்மாறாக இருக்கிறது என்பதை, பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் தெரிவிக்க விரும்புகிறேன்.

வாலைக் குறிக்கும் இலத்தீன் சொல் ஒன்று பிரெஞ்சு மொழியில் தேய்ந்து உருமாறி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததே இந்தக் கியூ. வந்த புதிதில் அது வாலாகவே இருந்தது. குலச் சின்னங்களில் தீட்டப்படும் சிங்கம் போன்ற விலங்குகளின் வாலுக்கு அது பெயர். பின்னர் முதுகில் தொங்கும் ஒற்றைச் சடையையும் அது குறித்தது. சீனத்தைக் கைப்பற்றிய மஞ்சு அரசு 1645-இல் ஆண்கள் கட்டாயம் வளர்க்க வேண்டும் என்று ஆணையிட்ட பின்னலை ஆங்கில நூல்கள் இன்றும் இச்சொல்லால்தான் சொல்கின்றன. பில்லியர்ட்ஸ் ஆடும் கோலின் பெயரும் இதே வேரில் கிளைத்ததுதான். (queue என்பதில் எழுத்து ஐந்து, அவற்றில் நான்கு ஊமை என்பதால் என் மாணவர்கள் பட்ட பாடு தனிக்கதை.)

ஆள்கள் நிற்கும் வரிசை என்ற பொருளில் இச்சொல்லை ஆங்கிலத்தில் முதலில் எழுதியவராகக் காட்டப்படுபவர் ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைல். 1837-இல் வெளிவந்த அவருடைய பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றில், ரொட்டிக்குத் தட்டுப்பாடு வந்த பாரிஸ் நகரத்தில் கடை வாசல்தோறும் மக்கள் வால்போல நின்றதையும், முதலில் வந்தவர் முதலில் வாங்கிச் சென்றதையும் விவரிக்கிறார். அவ்வாறு நிற்பது உலகில் வேறெந்த மக்களிடமும் காணாத, பாரிஸ்காரர்களுக்கே உரிய கலை என்றும் எழுதுகிறார். அதாவது, பிரிட்டனிலிருந்து பார்த்த ஒருவருக்கு அன்று வரிசை ஓர் அயல்நாட்டு வேடிக்கை. அந்தக் கலையும் தானாகக் கைகூடிவிடவில்லை. ரொட்டிக் கடைச் சுவரில் இரும்பு வளையம் அடித்து, அதில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விஷமிகள் அதை அறுத்துவிட்டதால், கயிற்றுக்குப் பதில் இரும்புச் சங்கிலி வேண்டும் என்ற பேச்சு எழுந்தது என்பதையும் அவரே பதிவுசெய்கிறார். மீனாட்சியம்மன் கோயிலில் கம்பித் தடுப்புகளுக்குள் நிற்க நேர்ந்தால் நம்மை நாமே நொந்துகொள்பவர்கள் அந்தச் சங்கிலியையும் நினைத்துக்கொள்ளலாம்.

பிரிட்டனில் வரிசை அன்றாட வழக்கமாக வேரூன்றியதில் பங்கீட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது 1940-இல் தொடங்கிய உணவுப் பங்கீடு, போர் முடிந்த பின்னும் 1954 வரை நீடித்தது. கூப்பன் புத்தகமும் கையுமாகப் பதினான்கு ஆண்டுகள் கடை வாசலில் நின்ற மக்களுக்கு அது பழகிப்போனதில் வியப்பில்லை.

நமக்குப் பழக்கமே இல்லை என்பதும் சரியன்று. கோடையில் மதுரையின் எந்தத் தெருக்குழாயை வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பச்சையும் நீலமுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் சுவரோரம் நீண்டிருக்கும். குடத்துக்கு உரியவர் வீட்டில் உலை வைத்துக்கொண்டிருப்பார். நடுவில் ஒரு குடத்தை நுழைத்தவர் தெருவே கேட்கும்படி வாங்கிக் கட்டிக்கொள்வார். நுழைத்த குடமும் கடைசிக்குப் போய்விடும். கம்பியும் காவலரும் இல்லாமல் நடக்கிற முறை இது.

‘வரிசை’ என்ற நம் சொல்லுக்கோ வேறு வகையான வரலாறு. புறநானூற்றின் 121-ஆம் பாட்டில் கபிலர் மலையமான் திருமுடிக்காரி என்ற குறுநில மன்னனிடம், கொடுப்பது எளிது, வரிசை அறிவதுதான் அரிது என்கிறார். அங்கே அதற்கு அவரவர் தகுதி என்று பொருள். சீர்வரிசை என்னும்போது அந்த மரியாதைப் பொருள் இன்றும் நம் நாவில் இருக்கிறது. சிபாரிசுக் கடிதத்தோடு பக்கவாட்டுக் கதவில் நுழையும் பெரிய மனிதர்கள் ஒருவேளை சங்கத் தமிழின்படி நடந்துகொள்கிறார்களோ என்னவோ!

தட்டுப்பாடு வந்தால் வரிசை வரும். கடைசி ஆளுக்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கை போனால் வரிசை கலையும். தெருக்குழாயில் அடுத்தவர் முறை எப்போது வரும் என்று எல்லோருக்கும் கண்முன்னே தெரிகிறது. ரேஷன் கடையில் பருப்பு எத்தனை அட்டைக்கு வந்திருக்கிறது என்று பல நாள்களில் எவருக்கும் தெரிவதில்லை. துவரம்பருப்பு, பாமாயில் ஆகியவற்றின் இருப்பைக் காலையில் கடை திறக்கும்போதே பலகையில் எழுதி, அந்த அளவுக்கு மட்டும் டோக்கன் கொடுக்குமாறு அதிகாரிகளைத் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
திருநகர், மதுரை.