மெக்காலே அன்றைக்கு எங்கே இருந்தார்?

மயூர் விஹார்,
தில்லி.

அன்புள்ள சேது,

பொங்கல் வாழ்த்துக்கே இன்னும் பதில் போடவில்லை, திட்டாதே. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மங்களம் சுகம். இதை வாட்ஸ்அப்பில் எழுதினால் இதையும் நாலு பேருக்குத் தள்ளிவிடுவாய், அதனால்தான் தபால்.

குடியரசு தினத்தன்று எங்கள் சொசைட்டியில் கொடியேற்றிவிட்டு என்னைப் பேசச் சொன்னார்கள். 1835 பிப்ரவரி 2 அன்று லண்டன் பாராளுமன்றத்தில், நமக்கு ஆங்கிலக் கல்வியைக் கொண்டுவந்த வெள்ளைக்காரர் மெக்காலே பேசியதாக ஒன்று அனுப்பினாயே, 'இந்தியா முழுக்கச் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனைப் பார்க்கவில்லை' என்று? அதை ஏற்ற இறக்கத்தோடு எடுத்துவிட்டேன். நல்ல கைதட்டல். லட்டு கொடுக்கும்போது மூன்றாம் மாடிப் பெண், நம்மூர்க் குழந்தைதான், பதினொன்றாவது படிக்கிறாள், மெதுவாகக் கேட்டாள்: "தாத்தா, அன்னிக்கு மெக்காலே கல்கத்தாவுலன்னா இருந்தார்?"

லட்டு தொண்டையிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து தேடினால் அவள் சொன்னதுதான் சரி. 1834 ஜூனில் சென்னையில் கப்பலிறங்கிய மனுஷன், ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபுவைப் பார்த்துவிட்டு அப்புறம் கல்கத்தா போயிருக்கிறார். ஊர் திரும்பியது 1838இல். பிப்ரவரி 2 என்பது அவருடைய கல்விக் குறிப்பின் தேதி. நம் இலக்கியம் மொத்தமும் ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு தட்டுக்கு ஈடாகாது என்று அதில் எழுதியிருக்கிறார். திட்டுவதற்கு அது போதாதா? நிஜமாக வைததை விட்டுவிட்டு, சொல்லாத புகழ்ச்சியைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்தாற்போல் இதே வேலை. நமக்குச் சுதந்திரம் கொடுத்தால் 'அதிகாரம் போக்கிரிகள் கைக்குப் போகும்' என்று பிரதமர் சர்ச்சில் சொன்னாராம். 1947இல் பிரதமர் அட்லி! அந்த வாசகம் அவர்கள் பாராளுமன்றப் பதிவில் இல்லை. அந்த வருஷம் மார்ச் 6 அன்று சர்ச்சில் நம் தலைவர்களை வைக்கோல் பொம்மைகள் என்றது இருக்கிறது. 1971இல் வாஜ்பாய் இந்திராவை 'துர்கை' என்றாரென்று மொட்டைமாடியில் எத்தனை ராத்திரி கத்தியிருப்பாய்! நான் சொல்லவேயில்லை என்று அவரே பின்னால் மறுத்தார். மறுப்பு உன் மாடிக்கு ஏறி வரவில்லை.

ஆனால் சேது, உன்னைக் கேலி செய்கிற யோக்கியதை எனக்கில்லை. பத்திரிகை டெஸ்க்கில் ராத்திரி ஷிஃப்டில் இருந்தபோது, இந்தியில் வந்த ஒரு அமைச்சர் பேட்டியைத் தமிழாக்கினேன். போராட்டக்காரர்களைப் பற்றிக் கேட்டதற்கு அவர் 'தேகேங்கே', அதாவது 'பார்ப்போம்' என்றிருந்தார். நம் காமராஜரின் 'ஆகட்டும், பார்க்கலாம்' மாதிரி ஒரு நழுவல், அவ்வளவுதான். தூக்கக் கலக்கமோ, தலைப்பு ஆசையோ, 'பார்த்துக்கொள்கிறோம்' என்று போட்டேன். காலையில் அது மிரட்டலாகிவிட்டது. மறுநாள் மறுப்பு வந்தது. உள்பக்கத்தில், ஏலம் விளம்பரத்துக்குக் கீழே நாலு வரி. அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். யாரிடமும் சொன்னதில்லை. மங்களத்திடம்கூட.

அதனால் இப்போது 'வட்டாரங்கள் தெரிவித்தன' என்று படித்தால், இடையில் என்னைப்போல் எத்தனை பேர் தூங்கி வழிந்தார்களோ என்றுதான் தோன்றுகிறது.

நேற்று நீ அனுப்பிய காமராஜர் வாசகம் வந்தது. அருமையாக இருக்கிறது, அதுதான் பயம். எந்த ஊர்க் கூட்டம், என்ன தேதி, யார் காதால் கேட்டது? நம் சிநேகிதன் மொட்டையிடம் விசாரி. "எங்கப்பா சொன்னார்" என்பான். அப்பா மேடைக்குக் கீழே நின்று கேட்டாரா, பாய் கடையில் டீ குடிக்கும்போது கேட்டாரா என்று விடாமல் கேட்டு எழுது. மூன்றாம் மாடியில் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

உன்,
ராஜு