செகண்ட் ஹேண்ட் காரில் ஸ்டீரியோ மாற்றும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "போன்லயே ஒரு ரேட் சொல்லிடுங்க, அப்புறம் வண்டியை எடுத்துட்டு வர்றேன்" என்று தினமும் நாலைந்து பேராவது கேட்கிறீர்கள். புது வண்டி என்றால் சொல்லிவிடுகிறோம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிக்கு இந்த மாதத்திலிருந்து அப்படிச் சொல்வதில்லை. வண்டியை நம் கடைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கதவின் டோர் பேடை, அதாவது உட்புற மூடியைக் கழற்றி, டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ செட்டை வெளியே இழுத்து, மின்சாரம் பார்க்கும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எவ்வளவு ஆகும் என்று சொல்வோம். அரை மணி நேரம் ஆகும். அதற்குக் காசு வாங்குவதில்லை. இதில் சிலருக்கு வருத்தம் இருப்பது தெரிகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன பொங்கலுக்கு நடந்ததைச் சொல்கிறோம். ஒரு வாடிக்கையாளர் பழைய வேகன் ஆர் ஒன்றைக் கொண்டுவந்தார். ஏற்கெனவே வேறு எங்கோ செட் மாட்டியிருந்த வண்டி. அதைக் கழற்றிவிட்டுப் புது செட் மாட்டிக் கொடுத்தோம். பழைய ஒயரிங் வேலை செய்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டோம். அவர் ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் வண்டியில் உயிரே இல்லை. திறந்து பார்த்தோம். முன்பு மாட்டியவர் மஞ்சள் ஒயரையும் சிவப்பு ஒயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார். செட்டின் பின்னால் வரும் மஞ்சள் ஒயருக்கு பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்க வேண்டும், சிவப்புக்கு சாவி போட்டால் மட்டும். இரண்டையும் சேர்த்துவிட்டால், திரை அணைந்திருந்தாலும் செட் உள்ளுக்குள் விழித்துக்கொண்டே இருக்கும். அரை ஆம்பியர் இழுத்தால் போதும், 35 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரி மூன்று நாளில் காலி. முறுக்கியவர் வேறு யாரோ. ஆனால் பார்க்காமல் விட்டது எங்கள் தப்பு. புது பேட்டரி எங்கள் செலவில் போட்டுக் கொடுத்தோம்.

அதனால் இப்போது முதல் வேலை மீட்டர்தான். சாவியை எடுத்துவிட்டு சிவப்பு ஒயரில் மின்சாரம் நிற்கிறதா என்று உங்கள் கண் முன்னாலேயே பார்ப்போம். கம்பெனி கப்ளர், அதாவது ஒயர்களைச் சேர்க்கும் பிளக், அறுபடாமல் இருந்தால் அதற்கேற்ற கப்ளரைக் கோத்து மாட்டுவோம், ஒரு ஒயரையும் வெட்ட மாட்டோம். முன்பே அறுத்திருந்தால் டேப் முடிச்சுகளையெல்லாம் எடுத்துவிட்டு, ஈயம் வைத்துப் பற்றவைத்து ஸ்லீவ் போடுவோம். அதற்கு ஆகும் நேரத்தைத்தான் போனில் கணக்குப் போட முடிவதில்லை.

இரண்டாவது வேலைக்கு ஒரு சாதாரண டார்ச் பேட்டரி போதும், 1.5 வோல்ட். ஸ்பீக்கர் ஒயரில் பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் வைத்துத் தொட்டால் ஸ்பீக்கரின் நடுவில் அசையும் கூம்பு, அதாவது கோன், லேசாக வெளிப்பக்கம் தள்ளும். உள்ளே இழுத்தால் ஒயர் மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு கதவில் மட்டும் இப்படி மாறியிருந்தால், ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் மற்றது இழுக்கும். பேஸ் இரண்டுக்கும் நடுவே காணாமல் போய்விடும். பாட்டு சன்னமாக, எங்கிருந்தோ வருவது போலக் கேட்கும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து வருபவர்களில் சிலருக்கு உண்மையில் இவ்வளவுதான் பிரச்சினை. சமீபத்தில் ஒரு பெரியவர் ஸ்விஃப்ட் எடுத்துக்கொண்டு நாலு ஸ்பீக்கரும் மாற்ற வேண்டும் என்று வந்தார். இடது கதவில் ஒயர் மாறியிருந்தது. மாற்றிப் போட்டோம். அவர் எப்போதும் கேட்கும் கச்சேரியைப் போட்டுக் காட்டினோம். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துச் சத்தம் இப்போது தனியாக எழுந்து வந்தது. "இதுதாம்பா எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு, எதுவும் வாங்காமல் சந்தோஷமாகப் போனார். எங்களுக்கும் சந்தோஷம்தான்.

அடுத்தது கதவு. நாங்கள் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஸ்பீக்கரின் கோன் முன்னால் எவ்வளவு சத்தம் எழுப்புகிறதோ அவ்வளவு பின்னாலும் எழுப்பும், ஆனால் எதிர்த் திசையில். டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். பின்பக்கத்துச் சத்தம் அவற்றின் வழியாக வெளியே வந்து முன்பக்கத்துச் சத்தத்தை அடித்துவிடும். முதலில் போவது பேஸ். விலை உயர்ந்த ஸ்பீக்கர் போட்டாலும் இதே கதைதான். பியூட்டைல் ரப்பர் ஷீட்டை அந்த ஓட்டைகளின் மேல் ஒட்டி, வெளித் தகட்டின் உட்புறத்திலும் கொஞ்சம் ஒட்டி, ரோலரால் அழுத்திவிட்டால் பழைய ஸ்பீக்கரே வேறு ஸ்பீக்கர் போலப் பேசும். கதவைச் சாத்தும்போது தகர டப்பா சத்தம் போய், 'தப்' என்று கனமாகச் சாத்தும். ஒட்டும்போது கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் ஒருபோதும் அடைக்கக் கூடாது. கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேற அது ஒன்றுதான் வழி.

பழைய வண்டிகளில் இன்னொன்றும் பார்க்கிறோம். டோர் பேடுக்குள் கம்பெனி ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை முன்பு வேலை செய்தவர்கள் கிழித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஈரம் ஏறிக் காகிதக் கோன் அப்பளம் நமுத்தது போல நெளிந்திருக்கும். ஸ்பீக்கருக்கு அடியில் வைத்த எம்.டி.எஃப். (மரத்தூள் பலகை) வளையம் ஊதிப் போய் ஸ்க்ரூ பிடிக்காது. நாங்கள் பிளாஸ்டிக் வளையம்தான் போடுகிறோம். கண்ணாடியை முழுக்க இறக்கிப் பார்க்காமல் ஸ்பீக்கரை முடுக்குவதும் இல்லை. காந்தம் ஆழமாக இருந்தால் கண்ணாடி அதில் போய் இடிக்கும்.

சென்னையில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அவற்றில் சில கைமாறி இன்றும் ஓடுகின்றன. கதவுக்குள் சேற்றுக் கோடு, கப்ளர் பின்களில் பச்சைக் களிம்பு, சீட் ரெயிலில் துரு, மேட்டுக்கு அடியில் புழுங்கிய வாசனை இருந்தால் உங்களிடம் நேராகச் சொல்லிவிடுவோம். அந்த வண்டியில் ஸ்டீரியோவுக்குச் செலவு செய்ய வேண்டாம். முதலில் நல்ல எலக்ட்ரீஷியனிடம் முழு ஒயரிங்கையும் காட்டுங்கள்.

சரி, எல்லாம் நன்றாக இருக்கிறது, கையில் 15,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் கேட்பது பெரிய திரை வைத்த ஆண்ட்ராய்டு செட். வேண்டாம் என்று சொல்லவில்லை. மேப், ரிவர்ஸ் கேமரா எல்லாம் வசதிதான். ஆனால் சத்தம் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், முன் கதவுகளுக்கு ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர், அந்தக் கதவுகளுக்கு டேம்பிங் (மேலே சொன்ன ரப்பர் ஷீட் ஒட்டுவது), மிச்சம் இருந்தால் செட். இதுதான் எங்கள் கணக்கு. பின்னால் பார்சல் டிரேயில் ஓவல் ஸ்பீக்கர் வைப்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பாடுகிறவர் நமக்கு முன்னால் நின்று பாட வேண்டும், பிடரியில் அல்ல. பிடிமானம் இல்லாத டிரேயில் கனமான ஸ்பீக்கர் இருப்பது சடன் பிரேக்கில் ஆபத்தும்கூட.

செட்டின் பெட்டியில் 50 வாட் × 4 என்று போட்டிருக்கும். அது ஒரு நொடித் துளிக்கு எட்டும் உச்சம். செட்டின் பின்னால் இருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். 10 அல்லது 15 ஆம்பியர் இருக்கும். ஓடும் வண்டியில் சுமார் 14 வோல்ட். 15-ஐ 14-ஆல் பெருக்கினால் 210 வாட். செட்டுக்குள் போவதே மொத்தம் அவ்வளவுதான், அதிலும் கணிசமான பங்கு சூடாகப் போய்விடும். தொடர்ந்து கொடுக்கக்கூடியது, அதாவது ஆர்.எம்.எஸ்., ஒரு ஸ்பீக்கருக்கு 15 முதல் 22 வாட் வரைதான். ஆகவே ஆம்ப் (தனி ஆம்ப்ளிஃபையர்) போடாதவர்கள் ஸ்பீக்கர் பெட்டியில் வாட்டைப் பார்க்காமல் சென்ஸிடிவிட்டியை, அதாவது கொடுக்கும் வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வருகிறது என்பதைப் பாருங்கள். 3 டெசிபல் அதிகம் என்றால், அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும். 90 டெசிபலுக்கு மேல் இருந்தால் நல்லது.

ஆம்ப் போடுகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். பவர் ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும், ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த ஃப்யூஸ் ஒயரைக் காப்பாற்றத்தான். நடுவழியில் எங்காவது ஒயர் தேய்ந்து பாடியில் பட்டால், ஆம்ப் பக்கத்தில் வைத்த ஃப்யூஸ் தீப்பிடிப்பதைத் தடுக்காது. ஒயரை வாங்கும்போது ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பு அளவுக்கு மின்சாரம் தாங்காது. எங்கள் கடையில் யார் கேட்டாலும் சுரண்டிக் காட்டுவோம்.

வரும்போது உங்களுக்குப் பழகிய பாட்டுகளை போனிலோ பென் டிரைவிலோ கொண்டுவாருங்கள். கடையில் ஓடும் டெமோ பாட்டு எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் கேட்கும். முடிந்தால் காலை நேரத்தில் வாருங்கள், வெயில் ஏறினால் டோர் பேட் கிளிப்புகளைக் கழற்றுவது சிரமம் இல்லை, ஆனால் உங்களால் வண்டிக்குள் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்க முடியாது. கழற்றிய கம்பெனி செட், ஸ்பீக்கர், ஸ்க்ரூ எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் போட்டு உங்களிடமே கொடுத்துவிடுவோம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது அதையே திரும்ப மாட்டிவிட்டு, புதிதாக வாங்கியதை அடுத்த வண்டிக்கு எடுத்துக்கொள்ளலாம். அளவு பொருந்தினால் அதையும் நாங்களே மாற்றித் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் கடையிலிருந்து