பாதீடு வட்டாரத்துக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் ஆயுள் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதிதான் மறுபடி வாக்களித்தோம். இடையில் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லக்கூட வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். ஆனால் வாக்குப் போட்டதோடு சனத்தின் வேலை முடிந்தது என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் அரச நிதியில் ஒரு வடிகான் கட்டினார்கள். கொங்கிறீற் வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் கானின் விளிம்பு ஒழுங்கையைவிட ஒரு சாண் உயரம். மாரி வெள்ளம் கானுக்குள் இறங்க வழியின்றி வாசல்களில் நிற்கிறது. தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்து எந்த வளவில் தேங்கும் என்று இங்குள்ள பெண்களுக்கு நன்றாகத் தெரியும். கார்த்திகை, மார்கழியில் வாளியால் அள்ளி ஊற்றுவது அவர்கள்தான். வேலை தொடங்குமுன் அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சேர்க்கலாம். மீனவர் சங்கத்திலிருந்தும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்தும் ஏன் ஆட்களை எடுக்கக்கூடாது? பாதீட்டு வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதும் உண்டு. ஆனால் அலுவலக நேரத்தில் வந்து பார் என்றால், வள்ளத்தில் போகிறவரும் கூலி வேலைக்குப் போகிறவரும் எப்படிப் பார்ப்பது?

கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 வீதத்தை உள்ளூராட்சிக்கு ஒதுக்கி, எந்த வேலை முதலில் என்பதைக் கிராம சபைகளில் சனத்தையே பேசவைத்தார்கள். எங்கள் சபைகளிடம் அவ்வளவு பணம் இல்லைத்தான். பணம் குறைவென்றால் கேட்டுச் செலவழிப்பது இன்னும் அவசியம்.

டிசம்பரில் பாதீடு நிறைவேறுமுன், ஒவ்வொரு வட்டாரத்திலும் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஒரு கூட்டம் வையுங்கள். வரவு, செலவு, செய்யவிருக்கும் வேலைகள் மூன்றையும் ஒரே தாளில், தமிழிலும் சிங்களத்திலும் தாருங்கள். வழக்கமாக வரும் நாலு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும் கூட்டமாக அது இருக்கக்கூடாது. சொன்னவற்றில் எதை ஏற்றீர்கள், எதை ஏன் விட்டீர்கள் என்று பிறகு எழுதி ஒட்டுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த முறை சனம் வராது.

எங்கள் வட்டாரத்தில் வைப்பதென்றால் பாடசாலை மண்டபத்துக்கு அனுமதி எடுத்துத் தரவும், கதிரை அடுக்கவும் நாங்கள் தயார்.

ஆதன வரி செலுத்தும் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை